தொங்குகிற நூலை நறுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சாலிகிராமத்தில் ஒரு எடிட்டிங் ஸ்டுடியோவில் ஆள் எடுக்கிறார்கள், ரெஸ்யூம் அனுப்பப் போகிறேன், அதற்குள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிடட்டுமா அக்கா என்று கேட்டிருந்தாய். உனக்கு மட்டும் பதில் அனுப்பாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கமிருந்து கேமராப் பையோடு சென்னைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் பலருக்கும் இதே கலக்கம் இருக்கிறது.

அழிக்காதே. முதலில் உட்கார்ந்து பார்.

எங்கள் அப்பா தறியிலிருந்து துணியை அறுத்ததும் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட மாட்டார். திண்ணையில் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடிப்பார். இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடங்களில் நூல் முனை நீட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தரியால் அதை மட்டும் நறுக்குவார். எட்டு வயதில் ஒருநாள் நான் கத்தரியை வாங்கி, இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு முடிச்சை அடியோடு வெட்டிவிட்டேன். இழை விட்டுப்போய் அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அப்பா திட்டவில்லை. “முடிச்சு இருக்கலாம்மா, தொங்குற நூலுதான் இருக்கக் கூடாது” என்றார். நீ அழிக்கட்டுமா என்று கேட்டதும் எனக்கு அந்த ஓட்டைதான் நினைவுக்கு வந்தது. வங்கி வேலைக்குப் போகிறவனுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் இல்லாவிட்டால் யாரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. ஆனால் வீடியோ எடிட்டருக்கு அவனுடைய பக்கம்தான் சான்றிதழ். அது காலியாக இருந்தால் உன்னிடம் காட்ட ஒன்றுமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் இத்தனை வருஷமாக மனதில் வைத்திருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எடிட்டர்களைத் தேர்ந்தெடுக்கும்போது என்னையும் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். ஒரு பையன் வந்தான். வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. அவன் கிளம்பியதும் மேலாளர் போனை எடுத்து அவன் பேரைத் தேடினார். ஒரு நடிகையின் படத்துக்குக் கீழே, ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அவன் போட்டிருந்த இரண்டு வரி. திரும்பச் சொல்ல நாக்கூசும் வரிதான். “நம்ம ஆபீஸ்ல பொம்பளைப் பிள்ளைங்க வேலை பாக்குறாங்க” என்று அவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. எதனால் வேலை கிடைக்கவில்லை என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. உனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் பக்கத்தை முழுக்கப் பார்த்தேன். முதலில் எடுக்க வேண்டியது, திருத்தணி ரயிலில், கல்லூரி மாணவர் கோஷ்டிகளின் ரூட்டு தல பாணியில் எடுத்த அந்த ரீல்ஸ். நீ யாரையும் அடித்தவன் இல்லை, எனக்குத் தெரியும். பின்னால் பாட்டு ஓட, அட்டைக் கத்தியோடு படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கூட்டத்தோடு கத்தியிருக்கிறாய், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூச்சல் எங்கே போய் முடியும் என்று உனக்கும் தெரியும். 2024 அக்டோபரில் மாணவர் மோதலில் மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவனின் உயிரே போனது. முன்பின் தெரியாத ஒருவர் அந்த ரீல்ஸைப் பார்த்தால், அதில் இருக்கிற கத்தி அட்டையா இரும்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்.

அடுத்தது, நீ எழுதாமல் பகிர்ந்தவை. நான் எழுதவில்லையே, ஃபார்வேர்டுதானே என்பாய். 2018 ஏப்ரலில் நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். அதை எழுதியவர் வேறொருவர். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் அவர் மீது போட்ட வழக்கை ரத்து செய்ய 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. பகிரப்பட்ட செய்தி வில்லிலிருந்து கிளம்பிவிட்ட அம்பு மாதிரி என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பெயரும் வக்கீலும் உள்ள பெரிய மனிதருக்கே இப்படியென்றால், நீயும் நானும் விரலைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் வேண்டும்.

சின்ன வயசில் எழுதியது என்ற சமாதானமும் ஓரளவுக்குத்தான் உதவும். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஓலி ராபின்சன் 2021 ஜூனில் லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பதின்வயதில் 2012, 2013 வாக்கில் அவர் போட்ட இனவெறி ட்வீட்டுகள் வெளியே வந்தன. அன்று சாயங்காலமே கேமரா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த டெஸ்டில் 7 விக்கெட் எடுத்தும் அடுத்த டெஸ்டில் அவருக்கு இடமில்லை. ஆனால் மழுப்பாமல் ஒப்புக்கொண்டதால் அதே கோடையில் திரும்ப அணிக்குள் வந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். நாளைக்கு உன்னிடம் யாராவது கேட்டால் நீயும் அப்படியே செய். ஹேக் பண்ணிவிட்டார்கள், நண்பன் போட்டான் என்று ஆரம்பிக்காதே. நான்தான் போட்டேன், தப்பு, எடுத்துவிட்டேன் என்று சொல். அதோடு நிறுத்து.

இன்னொன்று எனக்கு உண்மையாகவே வலித்தது. ரசிகர் சண்டை ஒன்றில் தெலுங்கு பேசுகிறவர்களை மட்டம் தட்டும் அந்தச் சொல்லை நீ எழுதியிருக்கிறாய். தம்பி, நம் தெருவில் பாதி வீட்டில் பாட்டிமார் தெலுங்கில்தான் கொஞ்சுவார்கள். திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்ததே 1960 ஏப்ரல் 1இல்தான். ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, நடுவர் படாஸ்கர் வகுத்த எல்லைப்படி நடந்தது அது. கோடு மாறியது, தெருவில் பேசுகிற பேச்சு மாறவில்லை. வேலைக்காக மட்டும் அந்தச் சொல்லை எடுக்காதே. சாலிகிராமத்தில் தெலுங்குப் படங்களும் எடிட்டிங்குக்கு வரும், இரண்டு மொழியும் தெரிந்த எடிட்டருக்கு அங்கே மதிப்பு உண்டு, அதெல்லாம் சரிதான். ஆனால் உன் பாட்டி முகத்தை நினைத்து எடு.

கல்யாண வீடியோக்களுக்கு வருகிறேன். திருத்தணி மலையில் முகூர்த்த நாளில் நீ எடுத்தவை அருமை. அதில் ஒன்று, மணப்பெண் அறையில் கொண்டை வைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது. அந்தப் பெண் கேமராவைப் பார்க்கவே இல்லை. கேட்டுவிட்டுப் போட்டாயா? கேட்கவில்லை என்றால் இன்றைக்கே எடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல். நம் தொழிலில் பிறர் வீட்டு உள்ளறைக்குள் நம்மை நம்பி விடுகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவனா என்றுதான் நல்ல ஸ்டுடியோக்காரர் முதலில் பார்ப்பார்.

அதே சமயம், விசைத்தறிக் கூலி பற்றி நீ எடுத்த இரண்டு நிமிட வீடியோவை நீக்கலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதைத் தொடாதே. அதில் நீ யாரையும் திட்டவில்லை, ஒரு கணக்கைக் காட்டியிருக்கிறாய். அதற்காக உன்னை வேண்டாம் என்கிற இடம் உனக்கும் வேண்டாம். அதேபோல் ஊர்ப் பேரையும் மறைக்காதே. பயோவில் “சென்னை” என்று மாற்றியிருக்கிறாய். ஆர்.கே.பேட்டை என்றே போடு.

செய்கிற முறை இதுதான். கணக்கிலிருந்து வெளியே வந்து, உன் பேரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் தேடிப் பார். பழைய பட்டப்பேரையும் போன் நம்பரையும் தேடு. ஃபேஸ்புக்கில் ஆக்டிவிட்டி லாக் திறந்தால் நீ மறந்துபோன கமெண்டுகூட வருஷவாரியாக வரும். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கலாம். உன்னை டேக் செய்தவற்றில் டேக்கை நீயே எடுக்கலாம், ஆனால் பதிவு உன் கையில் இல்லை, போட்டவனிடம் கேட்டு எடுக்கச் சொல். டிக்டாக்கை 2020 ஜூன் 29இல் தடை செய்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருக்காதே. அப்போது இறக்கி வைத்த வீடியோக்கள் டிக்டாக் முத்திரையோடு இன்னும் யூடியூபில் சுற்றுகின்றன. ரெஸ்யூமில் நம்பர் இருப்பதால் உன் வாட்ஸ்அப் படத்தையும் பார்ப்பார்கள். ட்ரூகாலரில் உன் பேர் என்னவென்று வருகிறது என்று பார்த்தாயா? நான் பார்த்தேன். மாற்று. இதையெல்லாம் நேர்காணலுக்கு முந்தின ராத்திரி செய்யாதே. கணக்கையே நீக்கினால்கூட ஃபேஸ்புக் 30 நாள் எடுத்துக்கொள்ளும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம். டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கு நீ எடுத்ததைப் பக்கத்தின் உச்சியில் வை. 365 படியில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஒரு அம்மா ஏறுவாரே, அவர் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் நீ வெட்டாமல் விட்டிருக்கிறாய். அதுதான் எடிட்டிங். அதற்குக் கீழே உன் தாத்தா தறியில் பாவு பிணைக்கிற அந்தப் பதினோரு விநாடி வீடியோவை வை. அதற்கு இன்னும் தலைப்புப் போடவில்லை நீ. அவர் பேரை எழுது.

அன்புடன்,
உன் அக்கா