செயலாளர் பதவியை விட்டு வந்தவர்

கேள்வி: சபைக் கமிட்டியில் என்னைவிடப் படிப்பு குறைந்தவரைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஆராதனையிலும் மனம் அதையே சுற்றுகிறது. என்ன செய்ய?
– ஒரு வாசகர், ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரரே, உங்கள் பக்கத்துச் சிவகாசியில்தான் 1858-இல் மிஷனரி ராக்லண்ட் ஐயர் மரித்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த மேதை. சென்னையில் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனின் செயலாளர் பதவியே அவர் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து, கூடாரத்தில் தங்கி, உபதேசியார்களோடு கிராமம் கிராமமாகப் போனார். எத்தனை பெரிய மனசு!

அந்த மனசு நமக்கும் வர, நீதிமொழிகள் 4:23-ஐ வாசியுங்கள். இருதயத்துக்குக் காவல் போடாவிட்டால் இந்தக் கசப்பு வீட்டுக்குள்ளும் வரும். கமிட்டியாரை மன்னியுங்கள், மன்னித்ததை நாலு பேரிடம் சொல்லாதீர்கள், பெருமை அந்த வழியாகவும் நுழையும். புதிய செயலாளர் உங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லையே. கணக்கு எழுத உதவி வேண்டுமா என்று வரும் ஞாயிறே அவரிடம் கேளுங்கள்.