பந்தியில் கை நடுங்குகிறவர்கள்

கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. கேட்டால் அவசர வேலை என்பார்கள். எதிர்வரிசைக்காரர்கள் பார்க்கும்போது இலையில் கை நடுங்கிவிடுமோ என்ற பயம்தான் அவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம். வங்கியில் ஊழியர் எதிரே கையெழுத்துப் போட, வகுப்பில் சந்தேகம் கேட்க, பக்கத்தில் ஆள் இருக்கையில் போனில் பேச எல்லாவற்றுக்கும் இதே பயம் வரும். சமூகப் பதற்றக் கோளாறு என்கிறார்கள் மருத்துவர்கள். 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது இடம்பெற்றுவிட்டது.

நம்பிக்கை: வெறும் கூச்ச சுபாவம், வயதானால் போய்விடும்.

உண்மை: கூச்சப்படும் பிள்ளை கொஞ்ச நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வைத்தியம் வேண்டாம். இந்தக் கோளாறு பெரும்பாலும் பதின்பருவத்தை ஒட்டித் தொடங்குகிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவுகளையும் கெடுத்தால்தான் நோய் என்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் பல வருடங்கள் கூடவே இருக்கும். பெண்பிள்ளைகளிடம் இதைக் கண்டுகொள்வது இன்னும் கடினம். அடக்கமான பெண் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

நம்பிக்கை: மேடையில் தள்ளிவிட்டால் பயம் தெளிந்துவிடும்.

உண்மை: பயந்ததை நேருக்கு நேர் சந்திப்பது சிகிச்சையின் மையம் என்பது சரிதான். அப்படியானால் தினமும் அலுவலகக் கூட்டங்களில் உட்காருகிறவருக்கு ஏன் பயம் குறைவதில்லை? பிரிட்டிஷ் உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995-ல் இதை விளக்கினார்கள். பதற்றம் வந்ததும் கவனம் முழுக்க உள்ளே திரும்புகிறது. குரல் தடுமாறுகிறதா, முகம் சிவக்கிறதா என்று தன்னையே கண்காணிக்கிறார். உள்ளே உணர்வதெல்லாம் வெளியே அப்படியே தெரிவதாக நம்புகிறார். தப்பிக்கச் சில உத்திகளும் வைத்திருப்பார்: டம்ளரை இரு கையாலும் இறுக்கிப் பிடிப்பது, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, போனைப் பார்த்தபடியே இருப்பது. விபரீதம் எதுவும் நடக்காவிட்டாலும், இந்த உத்தி காப்பாற்றியது என்றுதான் மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பயம் பொய் என்று தெரிய வாய்ப்பே வராது.

அதனால் சிகிச்சையில், அந்த உத்திகளோடு ஒரு முறையும் அவை இல்லாமல் ஒரு முறையும் ஒருவரிடம் பேசச் சொல்வார்கள். வீடியோ எடுத்துக் காட்டுவார்கள். முகம் பற்றி எரிந்ததாக நினைத்தவர், திரையில் சாதாரணமாகப் பேசும் ஓர் ஆளைப் பார்ப்பார். பிறகு டீக்கடையில் வேண்டுமென்றே டம்ளரை ஆட்டிக் கொஞ்சம் சிந்திவிட்டு, சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் பயிற்சி. பெரும்பாலும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாம் அவர் சம்மதத்தோடு, அவரால் முடிந்த வேகத்தில் நடக்கும். விருந்தாளிகள் முன்னால் பிள்ளையை நிறுத்தி “பாடிக் காட்டு” என்று அதட்டுவதில் இதில் எதுவுமே இல்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நம்பிக்கை: மாத்திரைக்குப் போனால் அடிமையாகிவிடுவோம்.

உண்மை: பெரியவர்களுக்கு முதலில் மேலே சொன்ன பேச்சு சிகிச்சையைத்தான் பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அதை விரும்பாதவர்களுக்கும் அது போதாதவர்களுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இவை போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. அடிமையாக்கக்கூடியது அல்பிரசோலம் போன்ற மாத்திரை. அதை மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களையும், உள்ளே கொஞ்சம் இறங்கினால்தான் பேச்சு வரும் என்று குடிக்கத் தொடங்குகிறவர்களையும் நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். போனில் பேசுவதே பயம் என்றால், சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் நீட்டுங்கள். அவர் அதைப் படித்துவிட்டு ஆரம்பிப்பார்.