மலை அணிலும் முக்குளிப்பானும்



காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும்போது மேலே மரத்தைப் பார்க்கிறோம். துணி துவைக்கப் போகும்போது குட்டையைப் பார்க்கிறோம். இந்த மாதப் பாடம், மரத்தில் ஒன்று, தண்ணியில் ஒன்று என வாழும் இரண்டு உயிர்களைப் பற்றியது.

மலை அணில்: வீட்டுக் கூரையில் ஓடுகிற மூணு கோட்டு அணில் இல்லை. இது கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிற பெரிய அணில். எடை 2 கிலோ வரை இருக்கும். உடம்பைவிட வால் நீளம். பழம், கொட்டை, பூ, மரப்பட்டை தின்னும். தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளைக்குக் கிளை சுமார் 20 அடி தாவும்.

முக்குளிப்பான்: வாத்துக்குஞ்சு மாதிரி இருக்கும் சின்னப் பறவை. முங்கி முங்கி மீன், தவளைக்குஞ்சு, பூச்சி பிடிக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

பயம் வந்தால்: அணில் கிளையோடு ஒட்டி அசையாமல் படுத்துக்கொள்ளும். முக்குளிப்பான் சட்டென்று முங்கி, வேறு இடத்தில் தலை தூக்கும்.

கூடு: அணில் குச்சியும் இலையும் வைத்து உயரத்தில், மெல்லிய கிளைகளில் கட்டும். கனமான மிருகம் அங்கே போக முடியாது. முக்குளிப்பான் பாசியையும் கோரையையும் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். இரை தேடப் போகும்போது முட்டையைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். குஞ்சுகளை முதுகில் சுமக்கும்.

பலவீனம்: அணில் தரையில் இறங்கினால் நாய் பிடித்துவிடும். முக்குளிப்பானின் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் நீந்த வசதி, ஆனால் கரையில் நடக்கத் தடுமாறும்.

ஆகவே இரண்டுமே தன் இடத்தில் கெட்டி. அந்த இடம் போனால் வேறு வழியில்லை. கிளைகளை ஒட்ட வெட்டினால் அணிலுக்குப் பாதை போச்சு. குட்டையை முழுக்க வழித்தால் பறவைக்கு வீடே போச்சு.

நாம் செய்யக்கூடியவை

1. எஸ்டேட்டில் கிளை கழிப்பது முதலாளி முடிவு. நம் சொந்தக் காட்டில் முடிவு நம்முடையது. நிழல் மரங்களைக் கழிக்கும்போது ஒன்றையொன்று தொடும் சில கிளைகளை விட்டுவைப்போம்.

2. குட்டை சுத்தம் செய்யும்போது ஒரு மூலையில் கோரையை விடுவோம். மிதக்கும் பாசிக் குவியலைத் தூக்கி எறியுமுன் உள்ளே முட்டை இருக்கிறதா என்று பாருங்க.

3. கிழிந்த மீன் வலையைத் தண்ணியில் போடாதீங்க. முங்கும் பறவை சிக்கிச் செத்துப்போகும்.

4. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்க.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் கிளை தொடும் மரங்கள் எங்கே இருக்கு? கோரை உள்ள குட்டை எது? அடுத்த முறை சுத்தம் செய்யும்போது எந்த மூலையை விடப்போகிறோம்? பேசி முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.