கம்போ வைக்கப் புறப்படும் பிள்ளைகளுக்குப் பதினோரு வார்த்தை

லூசியானாவில் கோடை ஓய்ந்து முதல் குளிர்காற்று இறங்கியதும், ‘இது கம்போ வைக்கிற வானிலை’ என்று வீட்டுக்கு வீடு பேச்சு எழும். கோழியோ இறாலோ போட்டு, எண்ணெயில் வறுத்த மாவால் கெட்டிப்படுத்தி, சோற்றோடு சாப்பிடும் குழம்பு அது. 2004-இல் அந்த மாநிலம் கம்போவைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது. பக்குவம் கேட்டு வரும் இளையவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: என்ன போடுகிறீர்கள் என்பதில் கம்போ தாராளமாக விட்டுக்கொடுக்கும், எப்போது போடுகிறீர்கள் என்பதில் துளியும் விட்டுக்கொடுக்காது.

1. யார் வீட்டுக் குழம்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். மாவை வறுத்துக் குழம்பைக் கெட்டிப்படுத்துவது பிரெஞ்சுக்காரர் வழி. வெண்டைக்காய், அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு வந்தது. சாசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்துப் போடும் பழக்கம் சாக்டா பழங்குடியினருடையது. 1755-இல் தொடங்கி ஆங்கிலேயர் நோவா ஸ்கோஷியாவிலிருந்து துரத்திய அக்கேடியர் என்னும் பிரெஞ்சுக் குடியேறிகளில் பலர் லூசியானாவில் வந்து குடியேறினார்கள். அவர்கள் வழிவந்த கேஜன் மக்கள் கோழியும் புகையூட்டிய சாசேஜும் போட்டுக் கருநிறமாக வைப்பார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரில், காலனிக் காலக் குடிகள் வழிவந்த கிரியோல் மக்கள் வீடுகளில் இறால், நண்டு சேரும். சில வீடுகளில் தக்காளியும் உண்டு. உங்கள் முதல் முயற்சிக்குக் கேஜன் கோழிக் கம்போவே போதும்.

2. எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். எட்டுப் பேருக்கு மைதா 1 கப், எண்ணெய் 1 கப், வெங்காயம் 2 கப், செலரி 1 கப், பச்சைக் குடைமிளகாய் 1 கப், பூண்டு ஐந்தாறு பல், கோழி ஒன்றரைக் கிலோ, சாசேஜ் அரைக் கிலோ, கோழி எலும்பு வேகவைத்த சாறு 2 லிட்டர். வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றுக்கும் கத்தோலிக்கர் மிகுந்த அந்த ஊரில் ‘பரிசுத்த திரித்துவம்’ என்றே பெயர். அடுப்பில் மாவு ஏறிய பிறகு உங்களுக்கு வெங்காயம் உரிக்கவும் நேரம் இராது, போனை எடுக்கவும் நேரம் இராது.

3. சட்டியையும் எண்ணெயையும் பார்த்து எடுங்கள். அடிகனமான இரும்புச் சட்டி நல்லது. மெல்லிய பாத்திரத்தில் ஓரிடம் மட்டும் சூடேறி மாவு தீயும். முனை தட்டையான மரக்கரண்டிதான் சட்டியின் மூலைவரை போய் வழிக்கும். எண்ணெய்க்குத் தனி வாசம் இருக்கக் கூடாது. வெண்ணெயில் உள்ள பால்சத்து கருகும். நெய் அவ்வளவு சீக்கிரம் கருகாதுதான், ஆனால் தன் மணத்தை விட்டுக்கொடுக்காது.

4. மாவு வறுக்கும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள். எண்ணெயில் வறுத்த இந்த மாவுக்கு ‘ரூ’ என்று பெயர். எண்ணெய் காய்ந்ததும் மைதாவைத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். மிதமான தீயில், கை ஓயாமல், அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். முதலில் மாவிலுள்ள ஈரம் நுரைத்துப் பொங்கும். பச்சை மாவு வாடை அடிக்கும். பிறகு நுரை அடங்கி வேர்க்கடலை வறுக்கிற வாசம் வரும். அந்த ஊர்ச் சமையல்காரர்கள் நிறத்தை வைத்துத்தான் பேசுவார்கள்: வேர்க்கடலை வெண்ணெய் நிறம், செப்புக்காசு நிறம், சாக்லேட் நிறம். கறுக்கக் கறுக்கக் கலவை இளகி ஓடுவதைக் கவனியுங்கள். மாவிலுள்ள ஸ்டார்ச் உடைவதால்தான் அப்படி. ஆகவே கருத்த ரூ சுவையைக் கூட்டும், கெட்டிப்படுத்தும் சக்தியில் குறையும். கோழிக்குச் சாக்லேட் நிறம்வரை போகலாம். கேஜன் சமையலை ஊரறியச் செய்த, மறைந்த சமையல்காரர் பால் ப்ருதோம் எண்ணெயைப் புகையக் காயவைத்துச் சில நிமிடங்களிலேயே ரூவை முடித்துவிடுவார். அவர் கை பழகிய கை. அதைப் பார்த்து நீங்கள் தீயைக் கூட்டாதீர்கள். ரூ மேலே தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சமையல்காரர்களே இதைக் ‘கேஜன் நேபாம்’ என்பார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

5. கறுப்புப் புள்ளி தெரிந்தால் கொட்டிவிடுங்கள். மேலோடு எடுக்கலாமா, வடிகட்டலாமா என்று யோசிக்காதீர்கள். தீய்ந்த கசப்பு எத்தனை லிட்டர் சாறு ஊற்றினாலும் போகாது. நஷ்டம் ஒரு கப் மாவும் ஒரு கப் எண்ணெயும்தான். கோழி இன்னும் உள்ளே போகவில்லை.

6. நிறம் வந்த அந்த நொடியில் திரித்துவத்தைக் கொட்டுங்கள். ரூவின் சூடு அடுப்பை அணைத்தாலும் அடங்காது, கருகிக்கொண்டே போகும். காய்களின் ஈரம்தான் அதைத் தணிக்கும். ‘சொய்ங்’ என்று சீறி ஆவி எழும், முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் விழுந்ததும் நிறம் இன்னும் ஒரு படி கூடும். அதனால், நினைத்த நிறத்துக்குக் கொஞ்சம் முன்பே போட்டுவிடுவது புத்திசாலித்தனம். காய் துவண்டதும் பூண்டு. பிறகு வெதுவெதுப்பான சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கரையுங்கள்.

7. மசாலா டப்பாவைத் திறக்காதீர்கள். நம் கை தானாக மஞ்சள்தூளுக்குப் போகும், தாளிக்கவும் தோன்றும். முக்கால் மணி நேரம் வறுத்த மாவின் மணத்தை ஒரு சிட்டிகை கரம் மசாலா அமுக்கிவிடும். மிளகு, கயேன் மிளகாய்த்தூள், தைம், பே இலை, இவ்வளவுதான். நம் ஊர் பிரிஞ்சி இலை அந்தப் பே இலை ஆகாது. அதற்குப் பட்டை வாசம் உண்டு. பே இலை கிடைக்காவிட்டால் போடாமலே விடுங்கள். காரம் போதாதவர் தம் கிண்ணத்தில், லூசியானாவின் ஏவரி தீவில் 1868-இலிருந்து செய்துவரும் டபாஸ்கோ மிளகாய்ச் சாஸைத் தெளித்துக்கொள்ளட்டும்.

8. வேகத் தாமதமாவது முன்னால், சீக்கிரம் வேகுவது பின்னால். கோழியில் தொடைக்கறி எடுங்கள். நெடுநேரக் கொதியில் நெஞ்சுக்கறி நார் நாராகிவிடும். சாசேஜை வில்லைகளாக்கி வேறொரு வாணலியில் சிவக்க வதக்கிச் சேருங்கள். ‘ஆன்டூயி’ என்னும் புகையூட்டிய பன்றி சாசேஜ்தான் அங்கே வழக்கம். அது வேண்டாதவர் புகையூட்டிய கோழி சாசேஜ் போடலாம். தீயைத் தணித்து, மெல்லக் குமிழியிடும் கொதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வையுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுங்கள். சாசேஜிலேயே உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் பாருங்கள். பதம் ரசத்தைவிடக் கெட்டி, சாம்பாரைவிடச் சற்றுத் தளர்வு. இறால் கம்போ என்றால் ஓட்டையும் தலையையும் எறியாமல் அரை மணி நேரம் வேகவைத்துச் சாறு எடுங்கள். இறாலை இறக்கப்போகும் நேரத்தில் போடுங்கள், மூன்று நான்கு நிமிடம் போதும். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான்.

9. வெண்டைக்காய், ஃபிலே இரண்டில் ஒன்று. இரண்டுமே குழம்புக்குக் கொழகொழப்பையும் கெட்டியையும் தருபவை. வெண்டைக்காயைத் தனியே வதக்கி, கோழை அடங்கிய பின் சேருங்கள். சாசஃப்ராஸ் இலைப்பொடிதான் ஃபிலே. அதைக் கொதியில் போட்டால் நூல் நூலாக இழையும். அடுப்பை அணைத்த பிறகோ, பரிமாறிய கிண்ணத்திலோ தூவுங்கள். வெண்டைக்காய் காய்க்காத குளிர்காலத்துக்கு அந்தக் காலத்தில் இந்தப் பொடிதான் துணை.

10. சைவர்களுக்கும் வழி உண்டு. கீரைகளால் வைக்கும் கம்போவுக்கு ‘கம்போ ஸெர்ப்’ என்று பெயர். நியூ ஆர்லியன்ஸில் டூக்கி சேஸ் உணவகத்தை நடத்தி 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்த லியா சேஸ், ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன்தோறும் இதைச் சமைப்பார். கீரை வகை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது ஐதீகம். அவர் சட்டியில் இறைச்சியும் இருந்தது. நீங்கள் அதை விட்டு, காய்கறிச் சாறு ஊற்றி வைக்கலாம். கடுகுக்கீரை, பசலை, முட்டைக்கோஸ், முள்ளங்கிக் கீரை, வெங்காயத்தாள் ஆகிய ஐந்து போதும். ரூ மட்டும் அதே ரூ.

11. முதல் கம்போவுக்கு விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள். அதற்காக அளவையும் குறைக்காதீர்கள். கொஞ்சம் மாவு சீக்கிரம் தீயும். நறுக்கிய வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவி, வெள்ளைச் சோற்றோடு பரிமாறுங்கள். கேஜன் வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டைக் கம்போவுக்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள்; தக்காளி சேர்க்கலாமா என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை நடக்கும். அந்த வழக்குகளில் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மிச்சத்தைச் சட்டியோடு இரவெல்லாம் வெளியே வைக்காமல், சிறு பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டுச் சூடாக்கினால் சுவை கூடியிருக்கும். விருந்தாளியை அன்றைக்குக் கூப்பிடுங்கள்.