பாதபூஜை செய்த பாதங்களைப் பார்த்தீர்களா?



முகாம்களிலும், எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்பு பள்ளிகளிலும் கோவில்களிலும் பாதபூஜை செய்திருப்போம். அப்பா அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தாம்பாளத்தில் கால்களை வைத்துக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்டு வணங்குவோம். பல பேர் அழுதுவிடுவோம். ஆனால் அந்தப் பாதம் எப்படி இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்? குதிகாலில் பித்தவெடிப்பு இருந்ததா? தோல் செதில் செதிலாக உரிந்திருந்ததா? விரல் இடுக்கில் ஏதாவது புண்?

வீட்டில் யாருக்காவது இனிப்புநீர் இருந்தால் இந்தக் கேள்விகள் ரொம்ப முக்கியம். இனிப்புநீருக்கும் வறண்ட தோலுக்கும் என்ன தொடர்பு, அதை எப்படிப் பராமரிப்பது என்பதுதான் இம்மாதப் பாடம்.

இது ஏன் நம் விஷயம்?

2019-ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். 2023 ஆய்வில் நாட்டின் விகிதம் 15.6 விழுக்காடு. கொஞ்சம் குறைந்திருந்தாலும் இது சின்ன எண்ணிக்கை இல்லை. நம் கிளையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால், வீட்டில் இனிப்புநீர் இல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும்.

தோல் ஏன் காய்கிறது?

நம் ஊர் இருக்கிற புழுக்கத்தில் தோல் எப்படிக் காயும் என்று நினைக்கலாம். காரணம் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது.

முதலாவது, தண்ணீர் இழப்பு. இரத்தத்தில் சர்க்கரை சுமார் 10 மில்லிமோலைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதை முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது. சிறுநீரில் கலந்து வெளியே போகும் சர்க்கரை கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர். உடம்பில் நீர் குறைந்தால் தோலும் வறண்டு போகும்.

இரண்டாவது, வியர்வை. நாம் நினைக்காமலே வேலை செய்யும் நரம்புகள்தான் வியர்வைச் சுரப்பிகளை இயக்குகின்றன. பல வருஷம் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் இந்த நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் பிரச்சனை பெரும்பாலும் பாதத்தில்தான் ஆரம்பிக்கும். முகமும் முதுகும் நன்றாக வியர்க்கும். பாதம் மட்டும் காய்ந்து கிடக்கும். அடிப்பாதத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகளும் கிடையாது. வியர்வையும் நின்றுவிட்டால் ஈரப்பசைக்கு வழியே இல்லை.

மூன்றாவது, இரத்த ஓட்டம். கால் இரத்தக் குழாய்கள் குறுகினால் தோலுக்குப் போதுமான ஆக்சிஜனும் சத்தும் போகாது. தோல் மெலிந்து, பளபளப்பாகி, முடி உதிர்ந்துவிடும்.

நான்காவது, ஒட்டும் சர்க்கரை. கூடுதல் சர்க்கரை உடம்பின் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். இரத்தச் சிவப்பணுவில் அப்படி ஒட்டியதைத்தான் கிளினிக்கில் எச்.பி.ஏ.1சி என்று அளக்கிறார்கள். தோலின் கொலாஜனிலும் இதே வேலை நடக்கிறது. தோல் விறைத்துப் போய், வளைய வேண்டிய இடத்தில் வெடிக்கிறது.

வெடிப்பு எப்படிப் புண்ணாகிறது?

நான் படிக்கும் பொறியியலில் இருந்து ஓர் உதாரணம். இயந்திரம் அதிகமாகச் சூடானால் சென்சார் தகவல் அனுப்பும், அலாரம் அடிக்கும். சென்சாரின் ஒயர் அறுந்துவிட்டால்? இயந்திரம் சூடாகிக்கொண்டே இருக்கும், அலாரம் மட்டும் அடிக்காது.

உணர்வு நரம்புகள் கெட்டுப்போன பாதமும் இப்படித்தான். வெடிப்பு ஆழமாகும், கிருமி உள்ளே போகும், ஆனால் வலிக்காது. சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது வெள்ளை அணுக்களின் போராடும் சக்தியும் குறைவு. இரத்த ஓட்டம் சரியில்லாததால் புண் ஆறவும் நாளாகும். சின்ன வெடிப்பு விரலை எடுக்கும் நிலைக்கும், காலை எடுக்கும் நிலைக்கும் போவது இந்த வழியில்தான். அதனால் அப்பா "எனக்கு ஒன்னும் வலிக்கலையே" என்று சொன்னால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டியது

1. இளஞ்சூடான நீரில் கழுவணும். சூட்டை முழங்கையால் பார்க்கவும். பாதத்தை நம்ப வேண்டாம். ரொம்ப நேரம் ஊற வைக்கக் கூடாது. காரமில்லாத சோப்பு போதும். கிருமிநாசினி சோப்பு தோலை இன்னும் காய வைக்கும்.

2. தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்கவும். விரல் இடுக்குகளை நன்றாகத் துடைக்கணும்.

3. துடைத்த உடனே, ஈரப்பசை இருக்கும்போதே கிரீம் தடவணும். மருந்தகத்தில் யூரியா கலந்த கிரீம் கேளுங்கள். யூரியா நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள். தண்ணீரைப் பிடித்து வைக்கும். சாதாரண வறட்சிக்கு 10 விழுக்காடு போதும். தடித்த குதிகாலுக்கு அதைவிடக் கூடுதல் அளவு வேண்டுமா என்று மருந்தாளரைக் கேட்கவும். வாசலின், தேங்காயெண்ணெய் இரண்டும் இருக்கிற ஈரத்தை வெளியே போகாமல் தடுக்கும். புண் இல்லாத தோலில் தடவலாம்.

4. விரல் இடுக்கில் கிரீம் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்.

5. அடிப்பாதத்தைப் பார்க்கணும். குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டுங்கள், அல்லது கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள்.

6. நகத்தை நேராக வெட்டணும். பிளேடால் குதிகாலைச் சுரண்டக் கூடாது. காலாணிக்குக் கடையில் விற்கும் மருந்துப் பிளாஸ்திரியும் வேண்டாம். அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

இதெல்லாம் செய்தாலும் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். மருந்தும் உணவும் நடையும் கட்டாயம். யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

கோவிலும் வெறுங்காலும்

கோவிலுக்குள் செருப்பில்லாமல் போவது நம் மரபு. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சிமெண்டுத் தரை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். நாம் துள்ளி ஓடிவிடுவோம். உணர்வில்லாத பாதம் நின்று கொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும்.

அதனால் அவர்களைக் காலையிலோ மாலையிலோ அழைத்துப் போங்கள். தடித்த சாக்ஸ் போட அனுமதி உண்டா என்று கோவில் நிர்வாகத்திடம் கேளுங்கள். தைப்பூசத்தில் வெறுங்காலோடு நடக்கவோ, தீ மிதிக்கவோ நேர்ந்துகொண்டவர்கள் முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டட்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் அர்ச்சனை, அன்னதானம் என்று வேறு வழியில் நேர்த்தியைச் செலுத்தலாம். உடம்பைக் குறைவாக நினைத்திருந்தவர், உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். காலைக் காப்பாற்றுவது பக்திக் குறைவு ஆகாது.

உடனே கிளினிக் போக வேண்டிய அறிகுறிகள்

ஆழமான வெடிப்பு, இரத்தம், கொப்புளம், சீழ், கெட்ட வாடை, சிவந்து சூடான வீக்கம், கறுத்துப்போன விரல். இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போகணும். காய்ச்சலும் சேர்ந்தால் நேராக மருத்துவமனைக்கு. புண்ணில் மஞ்சளோ வேப்பிலையோ அரைத்துப் பூசிக் காத்திருக்க வேண்டாம். புண் எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை செய்துகொள்ளணும். அரசாங்கக் கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை

பின் கழுத்திலோ அக்குளிலோ தோல் கறுத்து, வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். இளவயதிலேயே வரும். ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இந்த வாரச் செயல்

வீட்டில் இனிப்புநீர் உள்ள ஒருவரின் பாதத்தை ஏழு நாள், தினமும் ஐந்து நிமிடம், நீங்களே கழுவிப் பார்த்துக் கிரீம் தடவுங்கள். "அட, போய்ப் படிடா" என்று முதல் நாள் விரட்டுவார்கள். "பாதபூஜை பண்ணப்போ காட்டினீங்களே, இப்ப மட்டும் என்னப்பா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே காலை நீட்டிவிடுவார்கள்.

கலந்துரையாடலுக்கு

1. வலி இல்லாத புண் ஏன் வலியுள்ள புண்ணைவிட ஆபத்தானது?
2. நம் வட்டாரக் கோவிலில் வெயில் நேரத்தில் பெரியவர்களின் பாதங்களைக் காக்க நம் கிளை என்ன செய்யலாம்?
3. பாதபூஜை நிகழ்ச்சியோடு பாதப் பரிசோதனையையும் சேர்த்து நடத்த முடியுமா? யாரை அழைக்கலாம்?