பூமியதிர்ச்சிகள் பெருகுகின்றனவா? ஒரு வாத்தியாரின் திருத்தம்

தியானப் பகுதி: மத்தேயு 24:3-8, 1 இராஜாக்கள் 19:11-12, யோபு 13:7



இந்த மாதப் பாடத்தை ஒரு பாவ அறிக்கையோடுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அறிக்கை செய்கிறவன் நான்தான்.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் கில்லாரியில் பூமி அதிர்ந்தது. தூக்கத்திலேயே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலையில் குஜராத்தின் கட்ச் பகுதி தரைமட்டமானது. அதே வருஷம் செப்டம்பர் 25 ராத்திரி எட்டரை மணி வாக்கில் நம்முடைய முறை வந்தது. பாண்டிச்சேரிக்கு எதிரே கடலுக்கடியில் 5.5 அளவில் ஒரு அதிர்ச்சி. கடலூர் முதுநகரில் என் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கலகலவென்று ஆடின. தெருவெல்லாம் ஜனங்கள்.

அடுத்த சில நாட்களில் சிதம்பரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். யாரோ அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்திலிருந்து ஒரு அட்டவணையை எடுத்துக் கரும்பலகையில் எழுதினேன். நூற்றாண்டுக்கு நூற்றாண்டு பூமியதிர்ச்சிகள் இரட்டிப்பு, நாலு மடங்கு, பத்து மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கு அது. "இதைவிட அத்தாட்சி வேணுமா?" என்று சத்தமாகக் கேட்டேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். அந்தக் கணக்கு சரிதானா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்க வேண்டியவன். பார்க்கவில்லை.

அன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்ட பையன் இன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். போன வருஷம் என்னிடம் வந்தான். "சார், நீங்க எழுதிப்போட்ட கணக்கைச் சரிபார்த்தேன். தப்பு சார். அது தப்புன்னா, அன்னைக்கு நீங்க சொன்ன மத்ததும் தப்பா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. கண் கலங்கித்தான் கேட்டான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. எண்ணிக்கை கூடியிருக்கிறதா?

பிரியமானவர்களே, கூடியிருப்பது பூமியதிர்ச்சி அல்ல, அதைக் கண்டுபிடிக்கும் கருவிகள். 1931 இல் உலகம் முழுவதிலும் சுமார் 350 நிலநடுக்கப் பதிவு நிலையங்களே இருந்தன. இன்று பல ஆயிரம். முன்பு நடுக்கடலில் ஒரு சின்ன அதிர்ச்சி வந்தால் யாருக்கும் தெரியாது. இன்று அதுவும் பதிவாகிறது. இப்பொழுது வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 அதிர்ச்சிகளின் இடம் குறிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து. வலை சின்னக் கண்ணாக மாறினால் சின்ன மீனும் சிக்கும். அதனால் கடலில் மீன் பெருகிவிட்டது என்று சொல்லலாமா?

எந்தக் காலத்துக் கருவியும் தவறவிடாத பெரிய அதிர்ச்சிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும். 7 அளவும் அதற்கு மேலும் உள்ளவை, நீண்ட காலச் சராசரியாக, வருஷத்துக்குப் பதினாறு. 1989 இல் ஆறுதான். 2010 இல் 23. ஏறும், இறங்கும். ஆனால் நான் கரும்பலகையில் வரைந்த ஏணி எங்கேயும் கிடையாது.

மிகப் பெரியவைகளைப் பாருங்கள். 1952 இல் ரஷ்யாவின் கம்சாட்காவில் 9.0. 1960 இல் சிலியில் 9.5, இதுவரை அளக்கப்பட்டதிலேயே பெரியது. 1964 பெரிய வெள்ளிக்கிழமையன்று அலாஸ்காவில் 9.2. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் 9 அளவு ஒன்றுகூட வரவில்லை. பிறகு 2004 சுமத்ரா, 2011 ஜப்பான். நமது வங்காள விரிகுடாவும் புதிதாக ஆட ஆரம்பிக்கவில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் வந்த அதிர்ச்சியினால் எழும்பிய சிறு அலைகள் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் அளவுகோல்களில் பதிவாயின. நம் பாட்டனார் காலத்திலும் இந்தத் தரை ஆடியிருக்கிறது. ஏன், ஆமோஸ் தீர்க்கதரிசி தன் புஸ்தகத்தின் முதல் வசனத்திலேயே உசியா ராஜாவின் காலத்துப் பூமியதிர்ச்சியை வைத்துத்தானே வருஷத்தைக் குறிக்கிறார்!

2. சூரியன் காரணமா?

நான்கைந்து வருஷமாக இன்னொரு பேச்சு நடக்கிறது. சூரியனில் புயல் வீசினால் பூமி குலுங்கும் என்று செல்போனில் செய்தி அனுப்புகிறார்கள். ஆண்டவர் சூரியனில் அடையாளங்கள் என்று சொன்னாரே, அதுதான் இது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் பதினொரு வருஷத்துக்கு ஒரு முறை பெருகிக் குறையும். இது உண்மை. 1899 இல் அமைந்த நம் கொடைக்கானல் வானாய்வகம் நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வைத்திருக்கிறது. அப்படியானால் பெரிய அதிர்ச்சிகளும் அந்தப் பதினொரு வருஷக் கணக்கில் வர வேண்டுமே! 1960 சிலி அதிர்ச்சி கரும்புள்ளிகள் நிறைய இருந்தபோது வந்தது. 1964 அலாஸ்கா அதிர்ச்சியோ சூரியன் ஏறக்குறைய அடங்கிக் கிடந்தபோது வந்தது. 7 அளவு ஆறே ஆறு வந்ததென்று சொன்னேனே, அந்த 1989 சூரியன் உச்சத்தில் இருந்த வருஷம். 2024 மே மாதத்தில் இருபது வருஷத்தில் காணாத சூரியப் புயல் அடித்தது. லடாக்கில்கூட வானம் சிவந்தது. அந்த வருஷம் முழுவதும் 8 அளவு அதிர்ச்சி ஒன்றுகூட இல்லை.

2013 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் லவ், தாமஸ் இருவரும் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஒப்பிட்டு, நம்பத்தக்க தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதினார்கள். 2020 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சிலர் தொடர்பு இருப்பதாகச் சொன்னார்கள். அதற்கும் மறுப்பு எழுந்தது. இன்று வரை சூரியனைப் பார்த்து ஒரு பூமியதிர்ச்சியையாவது முன்கூட்டிச் சொன்னவர் இல்லை.

காரணத்தை யோசித்தாலும் புரியும். வெயிலின் பகல் சூடு தரைக்குள்ளே ஒரு முழம், இரண்டு முழத்துக்கு மேல் இறங்காது. 2004 அதிர்ச்சி ஆரம்பித்ததோ சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில். நம் நிலத்தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளருகிற வேகத்தில், சுமத்ரா அந்தமான் பக்கம் அடியில் நுழைகிறது. நூற்றுக்கணக்கான வருஷம் சிக்கிக்கிடந்த இறுக்கம் ஒரு நாள் விடுபட்டது. அவ்வளவுதான்.

3. சரீரத்துக்கு முன்கூட்டியே தெரியுமா?

இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள்.

தேவனாம்பட்டினத்தில் நம் சபைக்கு வருகிற ஒரு சகோதரி. 2004 டிசம்பர் 26 அன்று தங்கை மகளை அலையில் பறிகொடுத்தவர். கொஞ்ச காலமாக அவருக்குக் காதில் இரைச்சல், தலைசுற்றல். "சார், காதுல கொய்ங்னு கேக்குது. தரை ஆடுது. எங்கேயோ பூமி அதிரப் போவுது" என்பார். இரண்டு நாளில் இந்தோனேசியாவிலோ ஜப்பானிலோ அதிர்ச்சி என்று செய்தி வரும். சிலர் அதை வரம் என்றே சொல்லிவிட்டார்கள். ஒரு முறை அவர் சொன்னதைக் கேட்டு அந்தத் தெருவில் மூன்று படகு கடலுக்குப் போகவில்லை. மூன்று குடும்பத்துக்கு ஒரு நாள் பிழைப்பு போயிற்று.

நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். "இரைச்சல் வர்ற நாளெல்லாம் தேதி போடுங்க. எந்த ஊர், எந்த நாள்னு தோணுதோ அதையும் செய்திக்கு முன்னாடியே எழுதிடுங்க" என்றேன். மூன்று மாதம் எழுதினார். நானும் அவர் மகனும் உட்கார்ந்து ஒத்துப் பார்த்தோம். இரைச்சல் வந்த ஒவ்வொரு நாளிலும் உலகத்தில் எங்கோ ஒரு 5 அளவு அதிர்ச்சி இருந்தது. இரைச்சல் வராத நாட்களைப் பார்த்தோம். அப்போதும் இருந்தது! ஏனென்றால் 5 அளவும் அதற்கு மேலும் உள்ளவை வருஷத்துக்கு ஆயிரத்து நானூறுக்கு மேல், நாளுக்கு நாலு. 6 அளவு என்றாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒன்று. யாருக்கு என்றைக்குத் தலை வலித்தாலும் பொருந்திவிடும். இன்ன ஊர் என்று அவர் முன்கூட்டி எழுதியது ஒன்றுகூடச் சேரவில்லை.

சகோதரி வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ எனக்கு என்ன சார்?" என்று கேட்டார்.

சிதம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். உள்காதில், உடம்பின் சமநிலையைக் காக்கிற பகுதியில் கோளாறு. பி.பி.யும் பயப்படுகிற அளவுக்கு ஏறியிருந்தது. எட்டு மாதமாக யாருமே அவரை டாக்டரிடம் அனுப்பவில்லை. ஏனென்றால் நாம் அதை வரம் என்றோம். இன்று மருந்தினால் நன்றாக இருக்கிறார். ஜெபமும் உண்டு, மாத்திரையும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

இன்னொரு காரியம். 2011 க்குப் பிறகு ஜப்பானிலும் அநேகருக்கு ஆடாத தரை ஆடுவதுபோல் தோன்றியது. பயம் கண்ட சரீரம் அதை மறப்பதில்லை. நம் சகோதரியின் சரீரம் வரப்போகும் அதிர்ச்சியைச் சொல்லவில்லை. போன அலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் உட்கார்ந்து அழ ஒரு ஆள். அதைச் செய்ய நாம் தவறினோம்.

4. சரீரம் சொல்வதைக் கேட்க வேண்டிய நேரம்

சரீரம் முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் தரை நிஜமாகவே ஆடும்போது சொல்லும். அப்போது அசட்டை பண்ணக் கூடாது.

2004 இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29 மணிக்கு சுமத்ரா பக்கம் கடலடி பிளந்தது. நம் கரையோரத்திலும் சிலர் கட்டிலில் படுத்தபடியே அசைவை உணர்ந்தார்கள். "தலைசுத்தல்" என்று புரண்டு படுத்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லாரும் மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் அன்று எச்சரிக்கை சொல்ல நமக்கு ஏற்பாடு இல்லை.

இப்பொழுது உண்டு. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தபோது நாமும் உணர்ந்தோம், எச்சரிக்கையும் வந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையை விட்டு வந்தார்கள். அந்த முறை நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழும்பவில்லை. ஓடியது வீண் என்று சிலர் சிரித்தார்கள். சிரிக்காதீர்கள். அதுதான் விழித்திருப்பது.

ஆகவே கரையோரத்து விசுவாசிகளே, நினைவில் வையுங்கள்:

கடற்கரையில் இருக்கும்போது தரை நன்றாக ஆடினாலோ, நீண்ட நேரம் ஆடினாலோ, சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள்.

கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அதே சமயம், உள்வாங்கினால்தான் அலை வரும் என்றும் நினைக்காதீர்கள். சில வேளை உள்வாங்காமலே ஏறும்.

முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பாதீர்கள். அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்புங்கள்.

வீட்டில் கிழவர், கர்ப்பவதி, நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்குவது யார் என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

5. அந்தத் தம்பிக்கு என் பதில்

"அட்டவணை தப்புன்னா மத்ததும் தப்பா?" என்றான் அல்லவா? இல்லை, தம்பி. தப்பு என்னுடையது, வேதத்தினுடையது அல்ல. ஆண்டவர் பல இடங்களில் பூமியதிர்ச்சி உண்டாகும் என்றார். வருஷா வருஷம் எண்ணிக்கை ஏறும் என்று அவர் சொல்லவில்லை. அதை நாம் சேர்த்தோம். பிரசவ வேதனைபோல என்றாரே, அது கூடிக்கொண்டே போகுமே என்பீர்கள். அதே இடத்தில் அவர் அழுத்திச் சொன்னது என்ன? இவைகளைக் கண்டு கலங்க வேண்டாம், முடிவு உடனே இல்லை என்றுதானே!

யோபு தன் சிநேகிதரைப் பார்த்து, தேவனுக்காகப் பொய் பேசுவீர்களோ என்ற கருத்தில் ஒரு கேள்வி கேட்கிறான். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. தேவனுடைய சத்தியத்துக்கு என் கள்ளக் கணக்கு முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. எலியாவுக்கு முன்பாகப் பூமி அதிர்ந்தபோது கர்த்தர் அதில் இருக்கவில்லை. அதற்குப் பின் வந்த மெல்லிய சத்தத்தில்தான் பேசினார். பிலிப்பி சிறைச்சாலை அதிர்ந்தபோது பவுல் அதிர்ச்சியைப் பற்றிப் பிரசங்கிக்கவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளப் போன சிறைக்காவலனைத் தடுத்து நிறுத்தினார். பூமி அதிரும்போது சபையின் வேலை அதுதான்.

வருகைக்கு ஆயத்தப்படுவோம். அதை எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, உண்மை பேசுவதிலும், பயந்தவரைத் தேற்றுவதிலும், அயலானைத் தூக்கி மேட்டில் சேர்ப்பதிலும் ஆயத்தப்படுவோம். சிதம்பரத்து அந்த வீட்டில் அடுத்த கூட்டத்திலும் இதையே சொல்லப் போகிறேன். அதே கரும்பலகையில், என் கையாலேயே அந்த அட்டவணையை எழுதி, அழிக்கப் போகிறேன்.

ஜெபம்: பரம பிதாவே, உமக்காகப் பேசுகிறோம் என்று நினைத்து உண்மையல்லாததைப் பேசினோம். மன்னியும். கடலோரத்து எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். வியாதியை வியாதியென்றும் பயத்தைப் பயமென்றும் அறியும் ஞானத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.