அறுநூறு டாலர் கேட்கும் ஏஜென்ட்

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி முடித்து, லண்டன், நியூயார்க் ஏஜென்ட்கள் 30 பேருக்கு எட்டு மாதமாக அனுப்பிவிட்டேன். நான்கு பேர் மறுத்தார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. போன வாரம், நான் எழுதியே இராத ஓர் ஏஜென்ட் தானாக மின்னஞ்சல் அனுப்பினார். நாவலை அப்படிப் புகழ்ந்திருக்கிறார். பெரிய பதிப்பகம் தயாராக இருக்கிறதாம், எடிட்டிங்குக்கு முதலில் 600 டாலர் கட்ட வேண்டுமாம். அக்கா வேண்டாம் என்கிறார். இதையும் விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அவருக்கு நீங்கள் அனுப்பாத நாவலை எப்படிப் படித்தார்?

ஏஜென்ட்டுக்கு வருமானம், உங்கள் புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்றுக் கொடுத்தால்தான். வந்த தொகையில் வழக்கமாக 15 சதவீதமும், மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு உரிமைகளுக்கு 20 சதவீதமும் எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்கு அனுப்புவார். பிரதியைப் படிக்கக் கட்டணம் வாங்குவதை அமெரிக்க இலக்கிய ஏஜென்ட்கள் சங்கத்தின் நெறிமுறையே தடை செய்கிறது. நிஜமான ஏஜென்ட்களின் பெயரிலேயே போலி மின்னஞ்சல்கள் இப்போது நிறைய வருகின்றன. பெயர் தெரிந்த பெயராக இருந்தால், அந்த ஏஜென்சியின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள்.

உங்களை இந்த இடத்துக்குத் தள்ளியது அந்த எட்டு மாத மௌனம். தமிழில் எழுதுகிறவர் பதிப்பாளரை நேரில் பார்த்துப் பிரதியைக் கொடுத்துவிடலாம், புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் நின்று பேசிவிடலாம். ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் கடிதம் எழுதிக் குவிப்பவர்களில் மிகச் சிலரைத்தான் ஏஜென்ட்கள் புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை வாரத்தில் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று பல ஏஜென்சிகள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மௌனத்தில் மோசடி இல்லை.

யாரை நம்புவது? உங்கள் நாவலின் சாயலில், சமீபத்தில் வந்த பத்து நாவல்களை எடுங்கள். கடைசிப் பக்க நன்றியுரையைப் படியுங்கள். எழுத்தாளர்கள் தங்கள் ஏஜென்ட்டைப் பெயர் சொல்லி நன்றி கூறியிருப்பார்கள். அந்த ஏஜென்ட் விற்ற மற்ற புத்தகங்களையும் பாருங்கள். நேர்மையானவர், ஆனால் ஒரு புத்தகம்கூட விற்றதில்லை என்றால் அவராலும் உங்களுக்குப் பயன் இல்லை.

ஒப்பந்தம் வந்தால், விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, எழுத்தாளர்களின் பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2018-இல் நியூயார்க்கின் பெயர்பெற்ற ஏஜென்சி ஒன்றிலேயே கணக்காளர் பல ஆண்டுகளாகக் கையாடியது தெரியவந்தது. 34 லட்சம் டாலர். பணம் இழந்தவர்களில் நாவலாசிரியர் சக் பாலனியுக்கும் ஒருவர்.

இந்தியாவிலேயே சில ஆங்கிலப் பதிப்பகங்கள் ஏஜென்ட் இல்லாமலும் பிரதிகளைப் பார்க்கின்றன. அந்தக் கதவையும் தட்டுங்கள். 30 பேருக்கும் ஒரே கடிதம்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அதை எனக்கு அனுப்பி வையுங்கள். முதல் பத்தியிலிருந்து சேர்ந்தே திருத்திப் பார்ப்போம்.